‘டிராவெஸ்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன? அதை எங்கே பயன்படுத்தலாம்?

உயர்ந்த ஒன்றைக் கேலிக்கூத்தாகத் திரித்துக் காட்டுவதே ‘டிராவெஸ்டி’. மாற்றுடை தரித்த, வேடமிட்ட என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக் கவிஞர் பால் ஸ்காரோன், 1648 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில், பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ‘ஈனியட்’ காப்பியத்தின் வீரர்களையும் தெய்வங்களையும் கொச்சை மொழியில் பேசவைத்துச் சிரிப்பு மூட்டினார். அந்நூலின் தலைப்பிலேயே இச்சொல் இருந்தது. ‘பாரடி’ எனப்படும் பகடி பொதுவாக மூலத்தின் நடையைப் போலிசெய்யும். டிராவெஸ்டியோ உயர்ந்த பொருளை எடுத்துக்கொண்டு நடையைத் தாழ்த்தும்.

இன்றைய வழக்கில் சிரிப்புப் பெரும்பாலும் போய்க் கண்டனமே எஞ்சியிருக்கிறது. ‘டிராவெஸ்டி ஆஃப் ஜஸ்டிஸ்’ என்றால், நீதிபதி, சாட்சி, தீர்ப்பு என எல்லாச் சடங்குகளும் இருந்தும் நீதி மட்டும் இல்லாத விசாரணை என்று பொருள். 1936 முதல் 1938 வரை ஸ்டாலின் ஆட்சியில், வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலங்களைக் கொண்டு மாஸ்கோவில் நடத்தப்பட்ட வழக்குகளுக்கு இத்தொடர் அப்படியே பொருந்தும். அந்த இடத்தில் ‘மாக்கரி’ என்றும் சொல்லலாம். ஆனால் ஒருவரை நேரில் கிண்டல் செய்வது மாக்கரிதான், டிராவெஸ்டி ஆகாது. ஒலி ஒற்றுமையால் ‘டிராஜடி’ என்று எழுத வேண்டிய இடத்தில் இதை எழுதிவிடுவோரும் உண்டு (ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதற்கு விலக்கல்லர்). வெள்ளத்தில் உயிர்கள் போனால் அது டிராஜடி, கொடுக்காத நிவாரணத்தைக் கொடுத்ததாகக் கணக்கெழுதினால் அது டிராவெஸ்டி.