கித்துல்கல ராஃப்டிங்: கவனச் சிதறலும் கற்றல் சிரமமும் உள்ள பிள்ளைகளுக்காகச் சில கேள்வி பதில்கள்

ஹட்டனிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு 14 வயசு, ஏடிஎச்டி (கவனச் சிதறல், துறுதுறுப்பு). பாடசாலையிலிருந்து களனி கங்கையில ராஃப்டிங் (ரப்பர் படகுல ஆற்றோட்டத்தில துடுப்புப் போட்டுப் போறது) கூட்டிட்டுப் போறாங்க. அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டான். அனுப்பலாமா?

அனுப்பலாம் அம்மா. தண்ணீருக்குள் அவன் கவனம் அவ்வளவு சிதறாது. சொன்னதை உடனே செய்ய வேண்டும், செய்ததன் பலன் அடுத்த நொடியே தெரியும். இப்படிப்பட்ட வேலையில் இந்தப் பிள்ளைகள் நன்றாக ஒட்டிக்கொள்வார்கள். பயப்பட வேண்டியது கரையில்தான். லைஃப் ஜாக்கெட்டுக்குக் காத்திருக்கும்போதும், இறங்கிய பின் வேன் வரும்வரையும்தான் வழுக்குப் பாறையில் ஓடுவதும் ஆழம் தெரியாமல் குதிப்பதும் நடக்கும். அந்த நேரத்துக்குத் துடுப்பு எண்ணுவது, ஹெல்மட் கொடுப்பது என்று ஒரு பொறுப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். "சும்மா இரு" என்று சொன்னால் அவன் இருக்கப் போவதில்லை.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு டீச்சர்: எங்கள் 12 பிள்ளைகளில் நாலு பேருக்கு வாசிப்புச் சிரமம். விதிமுறைகளை அச்சடித்துக் கொடுக்கலாமா?

அது பெற்றோருக்குப் போதும் டீச்சர். பிள்ளைகளுக்கு உடம்பால் பழக்குங்கள். இரண்டு வாங்குகளை இணையாகப் போட்டு, பக்கத்துக்கு மூன்று பேராக உட்கார வைத்து, விளக்குமாற்றுக் கம்பைத் துடுப்பாகக் கொடுங்கள். முன்னால் வலி, பின்னால் வலி, நிறுத்து, உள்ளே குனி: இந்த நாலும் போதும். ஆனால் வழிகாட்டி எந்தச் சொல்லில் கத்துவார் என்று முதலிலேயே போனில் கேட்டு, அதே சொல்லில் பழக்குங்கள். பெரும்பாலும் "போர்வர்ட்", "பேக்", "ஸ்டாப்", "கெட் டவுன்" என்பார்கள். தமிழில் பழகிய பிள்ளை அதை மனதுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் படகு பாறையில் இடித்துவிடும்.

இடம் வலம் குழம்புகிறவர்களுக்கு வலது மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டுங்கள். கடைசிவரை ஒரே பக்கத்தில் உட்கார வையுங்கள். "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், "செய்து காட்டு" என்று கேளுங்கள். முக்கியமாக, துடுப்பின் உச்சியிலுள்ள குறுக்குப் பிடியை ஒரு கை விடவே கூடாது. விட்டால் அது பக்கத்துப் பிள்ளையின் பல்லைப் பதம் பார்க்கும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு அப்பா: பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. விழுந்தால்?

மல்லாந்து படுக்க வேண்டும். கால் இரண்டும் ஓட்டத்தின் திசையில், பாதம் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது: பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மீட்புக் கயிறு ஒரு சிறு பையோடு வரும்; அதை வீசினால் பையை அல்ல, கயிற்றைப் பிடித்து நெஞ்சோடு அணைக்க வேண்டும்; கையில் சுற்றக் கூடாது. இதை முதலில் ஓட்டமில்லாத நீரில் இரண்டு தடவை செய்து பார்க்கட்டும். செய்ய மறுக்கும் பிள்ளையை அன்றைக்குப் படகில் ஏற்ற வேண்டாம்.

ஜாக்கெட்டின் எல்லாப் பூட்டையும் போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். நாடியைத் தாண்டி ஏறினால் அது பெரிது. இறுக்கம் தாங்காத பிள்ளைக்கு உள்ளே கழுத்துவரை ஒட்டும் மெல்லிய நீச்சல் பனியன் போட்டால் உரசல் குறையும்.

ஒரு அம்மா: லீவு நாள்தானே, அன்றைக்கு ஏடிஎச்டி மாத்திரையை விடலாமா?

டொக்டரைக் கேட்காமல் விட வேண்டாம். மெதில்ஃபெனிடேட் குறுகிய நேர மாத்திரை என்றால் பலன் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். வேளையைப் பயண நேரத்தோடு பொருத்திக் கேளுங்கள். பசியைக் குறைக்கும் மருந்து என்பதால் அதற்கு முன்னமே காலைச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். மீதி மாத்திரை ஆசிரியரின் நீர் புகாப் பையில் இருக்கட்டும். வலிப்பு வந்த பிள்ளை என்றால் டொக்டரின் சம்மதமில்லாமல் ஆற்றில் இறக்க வேண்டாம்.

மஸ்கெலியாவிலிருந்து: மழை இல்லாத நாளில் பயமில்லைதானே?

அப்படி இல்லை. மேலேயுள்ள மின்நிலையங்கள் தண்ணீர் விடுவதைப் பொறுத்து வெயில் நாளிலும் மட்டம் ஏறும். அன்றைய நிலவரத்தை வழிகாட்டியிடம் கேளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கலங்கிய ஆற்றில் முதல் பயணம் வேண்டாம்.

அதே ஆள்: எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டுமா?

காலில் ஆறாத புண் இருந்தால் இறங்க வேண்டாம். போய் வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.