மூன்று வருட ஒப்பந்தமா, ஊர்ப்பக்கத்து நிரந்தர இடமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வேதியியலில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் நிரந்தரப் பணி கிடைக்கும்போல இருக்கிறது. கோவையில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் மூன்று வருட ஒப்பந்தத்தில் கூடுதல் சம்பளமும் நல்ல ஆய்வுக்கூடமும் தருகிறது. பெர்மனென்ட் ஆனால் வாத்தியார்கள் படிப்பதை விட்டுவிடுவார்கள் என்கிறார் அப்பா. எதை எடுக்கட்டும்?"

நிரந்தர இடத்தை எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம் பக்கத்துக்கு ஒப்பந்த வேலை புதிதில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வட்டித்தொழில் பார்க்க, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன செட்டியார் கடை ஏஜென்டுகள் மூன்று வருடக் கணக்கில்தான் போனார்கள். தவணை முடிந்ததும் பேரேட்டைப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். ஆசிரியர் வேலையில் அப்படிப் பேரேடு கிடையாது. நீங்கள் முதலாண்டில் சொல்லிக்கொடுத்த பிள்ளை என்ன ஆனாள் என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறவர்கள் எண்ணக் கூடியதை மட்டும் எண்ணுவார்கள்: கட்டுரை எத்தனை, தேர்ச்சி எத்தனை, அட்மிஷனுக்கு எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்.

நான் தற்காலிக ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவனுக்கு வருகை 61 சதவீதம். 75 வேண்டும். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றார் துறைத்தலைவர். அடுத்த மாதம் என் பணி புதுப்பிப்பு. பதிவேட்டில் பென்சிலில் இருந்ததை அழித்து, பேனாவில் 76 என்று எழுதினேன். பணி நிரந்தரமான பிறகு அதே மாதிரி ஒரு சொல் வந்தது. முடியாது என்றேன், ஒன்றும் ஆகவில்லை. பணிப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். சம்பளமெல்லாம் அப்புறம்தான்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 'டென்யூர்' என்னும் நிரந்தரப் பணியுரிமை கிடைக்க ஏழு வருடம்வரை சோதித்துப் பார்ப்பார்கள். தேறாதவர் வேறு இடம் தேட வேண்டியதுதான். இங்கே பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிமுறைப்படி தகுதிகாண் பருவம் ஓராண்டு, திருப்தி இல்லையென்றால் இன்னும் ஓராண்டு. அந்த ஓராண்டில் உங்கள் வகுப்பில் யாராவது பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். பழைய நோட்ஸை இருபது வருடம் வாசிக்கிறவர்கள் உருவாவது இப்படித்தான். ஆனாலும் என்னை அதிகம் வருத்துவது அது இல்லை. நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, அதே பாடத்தை அதே தகுதியோடு நடத்தும் கௌரவ விரிவுரையாளர் நம் சம்பளத்தில் ஒரு பங்குக்கு நிற்கிறார். நம் பாதுகாப்பு அவருக்கு இல்லை. பணியில் சேர்ந்த பிறகு இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியதற்கு வருவோம். ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். சுயநிதியில் 'பெர்மனென்ட்' என்பது பல நேரம் வாய்ச்சொல்தான். உங்கள் இடம் அரசு அனுமதித்த பணியிடமா என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதல், கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் நியமன ஒப்புதல் இரண்டும் வந்தால்தான் அரசுச் சம்பளம் வரும். இது இழுக்கக்கூடியது. அதுவரை சம்பளம் யார் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்குத் துணை. உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் நிர்வாகம் உங்களைப் பணிநீக்கம் செய்ய முடியாது.

ஆய்வுக்கூடம் போய்விடுமே என்ற கவலை நியாயமானது. உங்கள் துறைக்குக் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிறது. கூட்டாய்வுக்கு முதலாண்டிலேயே போய்க் கதவைத் தட்டுங்கள். முனைவர் பட்டம் உள்ளவருக்கு அடுத்த நிலைக்கான பதவி உயர்வு நான்கு ஆண்டில் வரும். அதற்குப் பயிற்சி வகுப்புகள் கேட்பார்கள், தானாக வராது.