வீட்டில் சௌனா: மரப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் முன் மின்பலகையைப் பாருங்கள்

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் குடியிருக்கிறோம். பின்கட்டில் உள்ள செங்கல் அறையின் ஒரு மூலையைத் தடுத்து, 1.8 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட சௌனா (வெப்பக் குளியல் அறை) அமைக்க விரும்புகிறோம். விறகு அடுப்பு, மின் அடுப்பு, இன்ஃப்ராரெட் ஆகிய மூன்றில் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொன்றைச் சிறந்தது என்கிறார். வீட்டுக்கு ஒருமுனை 60 ஆம்பியர் மின்னிணைப்பு; 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் 71 வயதுத் தந்தையும் இதைப் பயன்படுத்துவார். எதை வாங்கலாம்?

பதில்: சௌனா பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மரத்தின் நிறத்தையும் கண்ணாடிக் கதவையும் விவரிப்பார்கள், வீட்டுக்கு எத்தனை ஆம்பியர் வருகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

முதலில், கடைக்காரர்கள் மூவரும் ஒரே பொருளை விற்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபின்லாந்து முறைச் சௌனாவில் அடுப்பு கற்களைச் சூடாக்குகிறது. கற்களும் அடுப்பும் அறைக் காற்றை 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோகின்றன. கற்களின் மேல் ஒரு கரண்டித் தண்ணீரை வார்க்கும்போது எழும் ஆவி, வேது பிடிக்கும்போது முகத்தில் அறைவது போல, உடல் முழுவதும் வந்து கவிகிறது. விறகு அடுப்பும் மின் அடுப்பும் இந்த ஒரே குளியலைத் தருகின்றன. இன்ஃப்ராரெட் அறையில் கல்லும் இல்லை, ஆவியும் இல்லை. அங்கே காற்று 45 முதல் 60 டிகிரியில் நிற்க, தகடுகளிலிருந்து வரும் கதிர்வீச்சு நேரே உடலில் படுகிறது. ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் சுகம் அது. இரண்டும் நல்லவையே, ஆனால் ஒன்றை நினைத்து மற்றொன்றை வாங்கியவர்கள் ஏமாந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன். கிழக்கு ஃபின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், வாரத்தில் பல முறை சௌனாவுக்குப் போகிறவர்களிடையே இதயநோய் மரணங்கள் குறைவாகக் காணப்பட்டன. அது தொடர்பைக் காட்டிய ஆய்வு. காரணத்தை உறுதிசெய்த ஆய்வு அன்று. அதோடு, அங்கே பேசப்பட்டது கல் சௌனா. அந்த முடிவைச் சொல்லி இன்ஃப்ராரெட் பெட்டியை விற்பவரிடம் சற்று நிதானமாக இருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் அறைக்கு 2.1 மீட்டர் உயரத்தில் தாழ்ந்த மேற்கூரை அமைத்தால் கன அளவு 5.7 கன மீட்டர் ஆகும். நன்றாக வெப்பக்காப்பு செய்த அறைக்கு ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது தொழிலில் உள்ள கைக்கணக்கு. ஆனால் கண்ணாடி, செங்கல், ஓடு போன்ற வெற்றுப் பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 1.2 கன மீட்டரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவை வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாதாரண அளவுள்ள ஒரு கண்ணாடிக் கதவு 1.6 கன மீட்டரைச் சேர்க்கும், மொத்தம் 7.3. இதற்கு 6 கிலோவாட் அடுப்பு போதும், ஏனெனில் அந்த அளவு அடுப்புகள் பொதுவாக 5 முதல் 8 கன மீட்டர் வரையிலான அறைகளுக்கென்றே செய்யப்படுகின்றன. அழகாக இருக்கிறதே என்று 1.8 மீட்டர் நீளச் செங்கல் சுவரை மட்டும் மூடாமல் விட்டீர்களானால், அந்த ஒரு சுவர் 4.5 கன மீட்டரைச் சேர்த்துக் கணக்கை 12-க்குக் கொண்டுபோய் 9 கிலோவாட் அடுப்பை வாங்க வைக்கும்.

இந்த வேறுபாடு உங்கள் வீட்டில் எப்படி வெடிக்கும் என்று பாருங்கள். 230 வோல்ட்டில் 6 கிலோவாட் அடுப்பு 26 ஆம்பியர் இழுக்கும். 9 கிலோவாட் அடுப்பு 39 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர். 9 கிலோவாட் அடுப்பும் கீசரும் சேர்ந்தாலே 52; அந்த நேரத்தில் அம்மா சமையலறையில் மின் ஓவனைப் போட்டால் முதன்மை பிரேக்கர் விழுந்து வீடு இருளும். 6 கிலோவாட் என்றால் கீசரோடு சேர்ந்து 39 தான். இன்னும் 21 ஆம்பியர் மிச்சம். சௌனா ஓடும்போது கீசர் தானாக நின்றுகொள்ளும்படி ஒரு கான்டாக்டரை (தானாக இயங்கும் மின்சுவிட்ச்) பொருத்தச் சொன்னால் இன்னும் நிம்மதி. ஆகவே, செங்கல் சுவரை மூடுவதற்கான செலவு, மும்முனை இணைப்புக்கு நகராட்சியிடம் அலையும் செலவை மிச்சப்படுத்துகிறது. வீட்டில் சௌனா அமைப்பதில் இதைவிட லாபமான முடிவு வேறு எதையும் நான் அறியேன்.

அடுப்பைச் சுவர் பிளக்கில் செருக முடியாது. டிபி போர்டிலிருந்து, அதாவது வீட்டின் மின்பலகையிலிருந்து, தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். பதிவுபெற்ற மின்பணியாளர் செய்து, அந்த வேலை விதிமுறைப்படி உள்ளது என்று காட்டும் சிஓசி சான்றிதழைக் கையில் தர வேண்டும். வீட்டை விற்கும் நாளிலும், தீவிபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்கும் நாளிலும் அந்தத் தாள்தான் பேசும். அடுப்பை இன்வெர்ட்டரின் பக்கம் சேர்க்கவே கூடாது: 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 6 கிலோவாட்டைத் தாங்காது. லோட்ஷெடிங் வந்தால் குளியல் பாதியில் நிற்கும், அவ்வளவுதான். மின்சாரம் திரும்பியதும் அடுப்பு தானாகப் பற்றிக்கொள்ளாத கட்டுப்பாட்டுக் கருவியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றரை மணி நேரப் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ 7 யூனிட் செலவாகும். 150 லிட்டர் கீசரில் உள்ள குளிர்ந்த தண்ணீரை ஒருமுறை முழுவதும் சூடாக்க ஆகும் மின்சாரமும் அதே அளவுதான்.

விறகு அடுப்பின் நெருப்பில் ஒரு மென்மை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். டிரேக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் கேட்டால் தயங்காமல் அதையே சொல்வேன். நம் ஊரில் சீகை என்று அழைக்கும் வாட்டில் மரம் இங்கே களையாகப் பரவிக்கிடப்பதால் விறகுக்கும் பஞ்சமில்லை. ஆனால் லெனேசியாவில் மதிலுக்கு மதில் வீடு. ஜோஹன்னஸ்பர்க் அமைந்த ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்கால இரவுகளில் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால் புகை எழும்பாமல் தரையிலேயே தங்குகிறது. நீங்கள் சௌனாவை விரும்பும் அதே இரவில் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்தில் மரச்சட்டத்துக்கும் குழாய்க்கும் இடைவெளி தவறினால் நெருப்பு அங்கேதான் பிடிக்கும். உங்களுக்கு இது வேண்டாம்.

இன்ஃப்ராரெட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. 2 கிலோவாட் அளவுள்ள அறை சாதாரணப் பிளக்கில் ஓடும். உங்கள் இன்வெர்ட்டரும் தாங்கும். கால் மணி நேரத்தில் தயாராகும். வாடகை வீட்டுக்கும் சிறிய குடியிருப்புக்கும் அதுவே பொருத்தம். சொந்த அறையும் போதிய மின்சாரமும் உள்ள உங்களுக்கு 6 கிலோவாட் மின் அடுப்பையே பரிந்துரைக்கிறேன்.

சுவரின் உள்ளே போவதைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும், ஏனெனில் பலகை அடித்த பிறகு யாரும் பார்க்க முடியாது. கனிமக் கம்பளி 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மேற்கூரையில் அதன் இரு மடங்கு, அதன் மேல் அலுமினியத் தாள், இணைப்புகளில் அலுமினிய நாடா, பிறகு காற்றோட ஒரு சிறு இடைவெளி, கடைசியில் பலகை. ஒருமுறை, ஆறே மாதம் பயன்படுத்திய ஒரு சௌனாவில் மேற்பலகையைக் கழற்றிப் பார்த்தேன்: மலிவு என்று வைத்த தெர்மாகோல் உருகி, உறைந்த மெழுகுபோல மூலையில் வழிந்து கிடந்தது, அந்த வீட்டார் அதுவரை அதன் நாற்றத்தை மரத்தின் வாசனை என்று நம்பியிருந்தார்கள். பச்சை சாயல் கொண்ட பதப்படுத்திய பைன் கட்டைகளை உள்ளே சேர்க்காதீர்கள்; அவற்றில் செம்பு, குரோமியத்தோடு ஆர்செனிக்கும் ஏற்றப்பட்டிருக்கும். பதப்படுத்தாத பைனிலும் முடிச்சுகளிலிருந்து பிசின் கசிந்து தொடையைச் சுடும். உட்காரும் பலகைக்கு அபாச்சி அல்லது ஆஸ்பென் மரம் நல்லது. கற்களை அடுப்போடு வாங்குங்கள். ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் வெடிக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை, அவருடைய மருத்துவரிடம் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டிக் கேட்காமல் ஒரு நாளும் உள்ளே அனுப்ப வேண்டாம். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், மாத்திரையும் இறக்கும், இரண்டும் சேர்ந்து அவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி அடுப்பின் மேல் சாயக்கூடும். மருத்துவர் சம்மதித்தால், கீழ்ப்படியில் உட்கார்ந்து, 60 டிகிரிக்கு மேல் போகாமல், ஐந்து நிமிடம், கூடவே ஒருவர். அடுப்பைச் சுற்றி மரக்கிராதி அவசியம். வெளியே வந்ததும் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கொட்டாமல், சற்று அமர்ந்திருந்து தண்ணீர் குடிக்கட்டும்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரே சௌனாவுக்குள் போகும் ஆசை பலருக்கு உண்டு. எண்ணெய் பலகையில் ஊறிக் கறுத்துவிடும், முதலில் குளித்துவிட்டுச் செல்லுங்கள். பொன் நகைகள் அந்தச் சூட்டில் தோலைச் சுடும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் ஈரத் துண்டின் மடிப்புக்குள் அதைப் பொதிந்துகொள்ளலாம்.

அடுப்பு வந்திறங்கியதும் முதல் முறை போடும்போது எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) விழக்கூடும். பெட்டியில் கிடந்த நாட்களில் சூடேற்றும் கம்பியின் உள்ளிருக்கும் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் சில சமயம் இப்படி நேர்கிறது. அடுப்பே பழுது என்று உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள், எர்த் லீக்கேஜை நீங்களாகக் கழற்றிவிட்டு ஓட்டவும் செய்யாதீர்கள். மின்பணியாளரை அழைத்து, காப்புத்தடையை அளந்து, அவர் முன்னிலையில் கம்பியை உலர்த்தி எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு, ஆள் யாரும் உள்ளே இல்லாமல், கதவைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் ஓடவிட்டால், புது அடுப்பின் எண்ணெய்ப் புகை வெளியேறிவிடும். மறுநாள் நீங்கள் உள்ளே போகலாம்.