தற்செயலாய் ஒரு மனுஷன்

மதிப்புக்குரிய சேர்,

நான் கொக்குவிலில் இருக்கிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். போன மாதம் என் சிநேகிதி ஒருத்தி கொழும்பு பஸ்ஸைத் தவறவிட்டாள். போகிற வழியில் ஓட்டோவின் ரயர் காற்றுப் போய்விட்டது. அந்த பஸ் விடியப்புறம் விபத்துக்குள்ளானது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவள் எழும்பி, ரயரின் காற்றைக் கர்த்தரே எடுத்தார் என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா சொன்னோம். நானும் சொன்னேன். பிறகுதான் கண்டேன், அதே பஸ்ஸில் போய் இறந்த ஒரு அண்ணாவின் அம்மா மூன்றாம் வாங்கில் இருந்தார்.

ரூத் 2:3இல் அவள் "தற்செயலாய்" போவாசின் வயலுக்குப் போனாள் என்று இருக்கிறதே, வேதத்தில் தற்செயல் என்று ஒன்று உண்டா? அந்த வயல் கர்த்தரின் நடத்துதல் என்றால் அந்த பஸ்ஸும் அப்படித்தானா? வருஷப்பிறப்புக்குப் பெட்டிக்குள் கைவிட்டு, வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்பதும் வேதத்தில் சீட்டுப் போடுவதும் ஒன்றா? அப்பா லொத்தர் வாங்கும்போதெல்லாம் நீதிமொழிகள் 16:33ஐச் சொல்லுகிறார், அது சரியா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

---

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்த காலையில் மேசையில் கிடந்த பத்திரிகையில் ஒரு செய்தி. தென்னை முறிந்து கூரையில் விழுந்ததாம், உள்ளே இருந்தவர்கள் "தெய்வாதீனமாக" உயிர் தப்பினார்களாம். இந்தச் சொல்லோடு எனக்கு முப்பது வருட வழக்கு இருக்கிறது. தப்பியவர்களுக்குத்தான் நம் பத்திரிகைகள் தெய்வாதீனம் போடும். செத்தவர்களுக்கு "பரிதாபகரமாக". தெய்வத்தின் ஆளுகை தப்பிய ஆட்களோடு முடிந்துவிடுகிறதா, மிச்சப் பேர் வேறு யாருடைய ஆளுகைக்குள் இருந்தவர்கள்? இதை யாரிடம் கேட்பது என்று இருந்தேன். நீர் எழுதினீர், அகப்பட்டுவிட்டீர்.

சில்லறைக் கேள்வியை முதலில் முடிக்கிறேன். வாக்குத்தத்த அட்டை சீட்டு இல்லை. சீட்டு விழுந்தால் யோனா கடலுக்குள் போகவேண்டும், மத்தியா அப்போஸ்தலனாகவேண்டும். இரண்டுக்கும் இடம் வைத்தால்தான் அது சீட்டு. நம்முடைய பெட்டிக்குள் வாலாக்காமல் தலையாக்குவார் என்ற மாதிரி வசனங்கள் மட்டும்தான் கிடக்கின்றன. யோபு 3இல் இருந்து "நான் பிறந்த நாள் அழிவதாக" என்று ஒன்றை எழுதி ஒரு வருஷம் உள்ளே போட்டுவிடலாமா என்று யோசித்ததுண்டு. மனைவி விடவில்லை.

ராஜாவுக்கு நித்திரை வராமல் போய் மொர்தெகாய் தப்பிய இரவு, ஒருவன் குறி பார்க்காமல் எய்ததும் ஆகாபின் கவசச் சந்துக்குள் போன அம்பு, கழுதை தேடப் போய் ராஜாவாகத் திரும்பிய சவுல், இவையெல்லாம் தற்செயலுக்குப் பிரசங்கிமார் காட்டும் பழைய சாமான்கள். உமக்கு யாராவது ஏற்கெனவே விளக்கியிருப்பார்கள். விடுவோம்.

ரூத்துக்கு வருகிறேன். எபிரெயத்தில் அந்த இடத்தில் ஒரே சொல்லை இரண்டு தரம் அடுக்கிச் சொல்கிறார்கள், "அவளுடைய நேர்வு நேர்ந்தது" என்பது மாதிரி. மிக்ரே என்பது அந்தச் சொல். கதை சொல்லுகிறவனுக்குப் போவாஸ் ரூத்தின் செத்துப்போன மாமனுக்கு இனத்தான் என்று தெரியும், இரண்டு வசனத்துக்கு முன்னாலேயே நமக்கும் சொல்லிவிட்டான். தெரியாதவள் ரூத் ஒருத்திதான். அவள் கண்ணுக்கு வயலும் அறுக்கிறவர்களும்தான் தெரிகிறார்கள். மாமிக்கு இரவுக்கு ஏதாவது கொண்டுபோகவேண்டும், அவ்வளவுதான். தற்செயல் என்பது அந்த வெயிலுக்குள் நின்று பார்க்கிறவளுடைய சொல். அது பொய்யும் இல்லை.

அதே மிக்ரே இன்னொரு இடத்திலும் வருகிறது, பெலிஸ்தரின் பூசாரிகள் வாயில். 1 சாமுவேல் 6ஐ எடுத்து வாசியும். உடன்படிக்கைப் பெட்டியால் ஊரில் வாதை. வாதையைக் கர்த்தர் அனுப்பினாரா, தற்செயலா என்று அறிய ஒரு சோதனை வைக்கிறார்கள். நுகம் பூட்டாத இரண்டு கறவைப் பசுக்கள், கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டு வண்டியில் கட்டுகிறார்கள். மாடு வளர்த்த வீட்டில் பிறந்திருந்தால் உமக்குத் தெரியும், கன்று கத்தினால் பசு வேலியை முறித்துக்கொண்டு வரும். இந்த இரண்டும் வலதுபுறம் இடதுபுறம் விலகாமல் பெத்ஷிமேசுக்குப் போயின. பெலிஸ்தருக்கு விடை கிடைத்துவிட்டது. பிரசங்கிமாரும் அந்த இடத்தில் ஆமென் சொல்லி இருந்துவிடுவார்கள். வேதம் அங்கே ஒரு சொல்லைப் போடுகிறது: பசுக்கள் "கூப்பிட்டுக்கொண்டே" போயின. கன்றைக் கூப்பிட்டுக்கொண்டே. போய்ச் சேர்ந்ததும் ஊரார் வண்டியைப் பிளந்து விறகாக்கி, அந்தப் பசுக்களையே தகனபலியாகச் செலுத்தினார்கள். கர்த்தர் நடத்தினார், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கத்தலை எழுதிவைக்காமல் விட வேதத்துக்கு மனம் வரவில்லை. நம்முடைய சாட்சி நேரங்களில் அதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

நம்முடைய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பயம் இருந்திருக்கிறது. பிரசங்கி 9:11இல் ஓட்டத்துக்கு வேகம் போதாது, யுத்தத்துக்கு வீரம் போதாது என்று சொல்லிவந்த அந்த மனுஷன் கடைசியில் காலமும் தற்செயலும் எல்லோருக்கும் நேரிடும் என்று வெறுமையாக முடிக்கிறான். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது "சமயமும் தேவச்செயலும்" என்று மாறிவிட்டது. அவன் வாயில் இல்லாத தேவனை அவன் வாயில் வைத்துவிட்டார்கள். நல்லகாலம், நல்ல சமாரியன் கதையில் கை வைக்கவில்லை. "தற்செயலாய் ஒரு ஆசாரியன் அந்த வழியே வந்து" என்று இயேசுவே சொல்லுகிறார். அந்த ஆசாரியன் விலகிப் போனான் என்பது வேறு விஷயம்.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது சீகேமில் நின்ற மனுஷனைப் பற்றி.

ஆதியாகமம் 37. யோசேப்புக்குப் பதினேழு வயது. எப்ரோனிலிருந்து அண்ணன்மாரைத் தேடிச் சீகேமுக்கு வருகிறான். ஏறக்குறைய 80 கிலோமீற்றர், இங்கிருந்து கிளிநொச்சியையும் தாண்டிய தூரம். அங்கே அவர்கள் இல்லை. வெளியிலே வழிதப்பித் திரிகிறவனை "ஒரு மனுஷன்" கண்டு, என்ன தேடுகிறாய் என்று கேட்கிறான். அவர்கள் தோத்தானுக்குப் போவோம் என்று பேசிக்கொண்டதைக் கேட்டேன் என்கிறான். பெயர் இல்லை, ஊர் இல்லை, அதற்குப் பிறகு வேதத்தில் எங்கேயும் அவன் இல்லை. அவன் அன்றைக்கு அங்கே நிற்காவிட்டால் யோசேப்பு தகப்பனிடம் திரும்பிப் போயிருப்பான். அண்ணன்மார் அவனைப் போட்ட குழி இல்லை, அவனை விற்ற இருபது வெள்ளிக்காசு இல்லை, எகிப்து இல்லை. யூத உரைகாரர்கள் அவனைக் காபிரியேல் தூதன் என்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஏனென்று சொல்லுகிறேன்.

1995 ஜூலை 9. யுத்தம் நெருங்கி, வலிகாமம் மேற்கில் இருந்து சனம் வெளிக்கிட்ட நாள். எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள். என்னுடைய கரியரில் அம்மம்மா, அப்பாவுடையதில் உரப்பைக்குள் உடுப்பும் ஒரு சருவமும். அம்மா நடந்து வந்தார். நவாலி கோயிலுக்குப் போவம், கோயிலுக்கு அடிக்கமாட்டாங்கள் என்பதுதான் யோசனை. நாங்கள் தென்னிந்திய திருச்சபை, அது கத்தோலிக்கருடைய கோயில். அன்றைக்கு யார் அதைப் பார்த்தார்கள்?

மானிப்பாய் தாண்டி ஒரு சந்தியில், சாரமும் தலையில் துவாயுமாக ஒருவர் வாளியில் தண்ணீர் வைத்துச் செம்பால் வார்த்துக்கொண்டு நின்றார். அம்மம்மாவுக்கு இரண்டு தரம் வார்த்தார். "உள்ளுக்கு இடமில்லைத் தம்பி, சனம் முத்தத்திலயும் இருக்குது. கிழவியையும் வைச்சுக்கொண்டு வெயிலுக்க என்ன செய்யப் போறியள், நேர ஆனைக்கோட்டைப் பக்கம் போங்கோ" என்றார். நாங்கள் நேரே போனோம். அன்று பின்னேரம் நவாலி புனித பேதுரு கோயிலில் விமானக் குண்டுகள் விழுந்தன. நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்து எங்களுக்கு அரை மணித்தியாலம் முன்னால் வெளிக்கிட்ட ஒரு குடும்பம் அங்கேதான் போயிருந்தது.

அடுத்த மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். கதை எப்படியோ பரவிவிட்டது. பிரசங்கம் செய்தவர் அப்பாவை எழும்பிச் சாட்சி சொல்லச் சொன்னார். "உங்களுக்கென்று தேவன் ஒரு தூதனையே அந்தச் சந்தியில் நிறுத்தினார்" என்றார். அப்பா எழும்பவில்லை. பிறகு வற்புறுத்தினதால் எழும்பினார். கை வாங்கின் முதுகைப் பிடித்திருந்தது, மணிக்கூடு தளர்ந்து மணிக்கட்டில் தொங்கியது, அந்த மாதங்களில் எல்லோரும் மெலிந்துபோயிருந்தோம். "தூதன் எண்டால் சனத்தை எல்லாம் அல்லோ திருப்பியிருப்பார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவர் எங்களுக்கு முன்னால போனவைக்கு என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமல் நான் சாட்சி சொல்லேலாது" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

அப்பா அவிசுவாசி என்று அன்று ஒரு பேச்சு எழும்பியது. அவர் சாகும்வரை இரவு ஜெபம் தவறாதவர். எனக்கு அந்தப் பிரசங்கியாரில் இன்னும் கோபம் இருக்கிறது, கிறிஸ்தவனாக அதை எப்போதோ விட்டிருக்கவேண்டும்.

இப்போது உம்முடைய பயிற்சிக் கல்லூரிப் படிப்புக்கு வருவோம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் படித்திருப்பீர். "இது தேவனுடைய செயல்" என்ற வாக்கியத்தை அந்த மூன்றிலும் போட்டுப் பாரும். யோசேப்பு அதைச் சொல்லுகிறான், நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று. சொல்லுகிறவன் குழிக்குள் கிடந்தவன். அவன் அண்ணன்மாரை மறுபடி சந்திக்கவே ஏறக்குறைய இருபத்திரண்டு வருஷம் ஆனது. முதலில் பார்வோனின் வீட்டாருக்கும் கேட்கச் சத்தமிட்டு அழுதான், அதற்குப் பிறகுதான் தேவன் என்னை அனுப்பினார் என்று வாய் திறந்தான். அதே வாக்கியத்தை அண்ணன்மார் சொல்லியிருந்தால்? "தம்பி, நாங்கள் உன்னை வித்தது உண்மைதான், ஆனால் பார், எல்லாம் தேவசித்தம்" என்று யூதா ஆரம்பித்திருந்தால்? எழுத்து மாறவில்லை, கருத்தும் மாறவில்லை. ஆனால் கன்னத்தில் அறையவேண்டிய வாக்கியமாகிவிடும். யோபுவின் சிநேகிதர் செய்த பிழையும் இதுதான். ஏழு நாள் தரையில் சும்மா இருந்தார்கள், அதுவரை நல்ல மனுஷர். பிறகு யோபுவின் துன்பத்துக்கு முன்னிலையில் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று தானே கேட்டு, இல்லை என்றும் தானே சொல்லிவிடுகிறார். ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான், அவரே சொல்லவில்லை. நம்முடைய மைக் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அயலில் இருக்கும் சைவச் சனம் "எல்லாம் அவன் செயல்" என்று சொன்னால் அது விதிவாதம் என்று இவர்கள் பிரசங்கம் பண்ணுவார்கள். தாங்கள் சொல்லுவது என்ன என்று காதில் விழுவதில்லை.

கர்த்தர் ஆளுகிறாரா என்று நீர் கேட்டால், ஆளுகிறார். ஒரு காசுக்கு விற்கிற இரண்டு அடைக்கலான் குருவிகளில் ஒன்றும் பிதாவின் சித்தமில்லாமல் தரையிலே விழாது என்பதை நான் நம்புகிறேன். அது விழாது என்று அந்த வசனம் சொல்லவில்லை, கவனித்தீரா? குருவி விழுகிறது.

உம்முடைய சிநேகிதியோடு கோபிக்கவேண்டாம். சாவுக்குத் தப்பிய பிள்ளை, நன்றி சொல்லாமல் என்ன செய்யும்? ரயர் கதையை அவள் வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்று எத்தனை தரமும் கர்த்தரிடம் சொல்லட்டும். சபையில் சொல்லத்தான் வேண்டுமென்றால், அந்த மூன்றாம் வாங்கைப் பார்த்தபடி சொல்லச் சொல்லும். நீரும் அல்லேலூயா சொன்னதை நினைத்து நித்திரை முழிக்காதேயும். பின்னேரத்தில் ஒரு நாள் அந்த அம்மாவிடம் போய் இரும். வசனம் ஒன்றும் கொண்டுபோகாதேயும், ஒரு போத்தல் பால் கொண்டுபோம். பிள்ளையைப் பற்றி அவரே கதைப்பார்.

அன்புடன்,
சேர்

பி.கு.: அப்பாவின் லொத்தர். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்ற வசனம் லொத்தருக்கு எழுதப்பட்டதில்லை. ஆனால் கிழமைக்கு ஒன்று வாங்கினால் வாங்கட்டும், வீட்டில் அதற்காகச் சண்டை பிடிக்காதேயும்.