வீடற்றோர் தங்குமிடத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராகலாமா?

கேள்வி: வீடில்லாதவர்களுக்கு இரவுத் தங்குமிடமும் மற்ற உதவிகளும் தரும் ஓர் அமைப்பில் நான்கு வருடமாக நிர்வாகக் குழு உறுப்பினராக இருக்கிறேன். சம்பளம் இல்லாத பொறுப்பு. அதற்கு முன்பிருந்தே வாரம் இரண்டு இரவு தங்குமிடத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். இப்போதைய தலைவர் விலகுகிறார். அந்த இடத்துக்கு என்னை வரச் சொல்கிறார்கள். எனக்குக் கணக்குவழக்கு அவ்வளவாகத் தெரியாது. அமைப்பைத் தொடங்கியவரே இயக்குநராகவும் இருக்கிறார். அவரை யாரும் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. கூட்டம் மூன்று மணி நேரம் ஓடும், அதில் பாதி போர்வை, பெயின்ட் பற்றிய பேச்சு. பொறுப்பை ஏற்கலாமா? ஏற்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள். இரவில் அந்த வாசலில் வந்து நிற்பவர்களை நேரில் அறிந்த ஒருவர் தலைவராக வருவது அந்த அமைப்புக்கு நல்லது. கணக்கு தெரியாதது தடையே இல்லை. தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்கிற தலைவர், தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவரை விட எவ்வளவோ மேல்.

ஆனால் இதுவரை செய்துவந்த வேலையே கொஞ்சம் பெரிதாக வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். இது முற்றிலும் வேறு வேலை. படுக்கை தயார் செய்ய, கதவு திறந்துவிட, மனம் உடைந்து வந்தவரோடு உட்கார்ந்து பேச அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கிறதா, தங்க வருகிறவர் அங்கே பாதுகாப்பாக இருக்கிறாரா, இயக்குநர் அமைப்பை ஒழுங்காக நடத்துகிறாரா என்று பார்க்க உங்கள் குழுவை விட்டால் வேறு ஆளே கிடையாது. இந்த வேலைக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இரவு வேலையில் கிடைக்கிற மனநிறைவும் இதில் உடனே கிடைக்காது. நல்ல மனதுள்ளவர்கள் நிறைந்த குழுக்கள் போர்வையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். போர்வை கண்ணுக்குத் தெரிகிறது, அது யாரோ ஒருவரை அன்றைக்கே கதகதப்பாக வைக்கிறது.

சம்மதம் சொல்வதற்கு முன்பு மூன்று ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதலாவது பைலா, அதாவது அமைப்பின் சட்டதிட்டம். தலைவரின் பதவிக்காலம் எவ்வளவு, கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர்கள்) எத்தனை பேர், இயக்குநரை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம், காசோலையில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, கடந்த ஒரு வருடத்துக் கூட்டக் குறிப்புகள். ‘விவாதிக்கப்பட்டது’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது, ‘தீர்மானிக்கப்பட்டது’ எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே குழுவின் உடல்நிலை தெரிந்துவிடும். மூன்றாவது கடைசி தணிக்கை அறிக்கை. தணிக்கையாளர் தனியாக ஏதாவது கடிதம் எழுதியிருந்தால் அதையும் கேளுங்கள். உண்மையான எச்சரிக்கைகள் பெரும்பாலும் அந்தக் கடிதத்தில்தான் இருக்கும்.

கூடவே ஒரு கேள்வி: குழு உறுப்பினர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு (அவர்கள் மீது வழக்கு வந்தால் செலவை ஏற்கும் காப்பீடு) இருக்கிறதா? சம்பளமில்லாப் பொறுப்பு என்பதால் சட்டப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. உதாரணமாக, ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியை அமைப்பு கட்டாமல் விட்டால், குழு உறுப்பினர்களிடமே அதைக் கேட்கப் பல நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. பணத் தட்டுப்பாடு வரும் மாதத்தில் முதலில் தள்ளிப்போடப்படுவது இந்த வரிதான். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் “பிடித்தம் செய்த வரி கட்டியாயிற்றா?” என்று கேட்டு, பதிலைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கணக்கு விஷயத்துக்கு வருவோம். தணிக்கையாளர் அளவுக்கு நீங்கள் கற்க வேண்டியதில்லை. வங்கி இருப்பைப் பார்த்து நிம்மதியடையாமல் இருக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வங்கியில் 100 பங்கு பணம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 60, குடும்பங்களுக்கான திட்டத்துக்கு மட்டும் என்று சொல்லி ஒருவர் கொடுத்தது. அதை எடுத்து இரவுக் காவலர் சம்பளத்துக்குப் போட முடியாது. 15, அடுத்த ஆண்டுக்கான மானியம்; முன்கூட்டியே வந்துவிட்டது. 10, கட்ட வேண்டிய பில்கள். மிச்சம் 15. மாதச் செலவு 10 என்றால் ஒன்றரை மாதம்தான் தாக்குப்பிடிக்கும். பொருளாளர் கூட்டத்தில் “100 இருக்கிறது” என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியது, “அதில் நாம் நம் விருப்பப்படி செலவு செய்யக்கூடியது எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு வரும்?” என்பது மட்டுமே. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான சேமநிதி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அரசு மானியங்கள் பல, முதலில் செலவு செய்துவிட்டு அப்புறம் கேட்டு வாங்குகிற வகையில் இருப்பதால் இந்தத் துறையில் அது ஆடம்பரமே இல்லை. அடுத்த 12 மாதத்துக்கு எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரே ஒரு தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சேமநிதி இல்லாத நல்ல அமைப்புக்கு என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் கிட்ஸ் கம்பெனியைப் பார்க்கலாம். 1996-இல் லண்டனில் தொடங்கிய, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான அமைப்பு. 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. போதிய இருப்பு இல்லாமலே ஆண்டுக்காண்டு நடத்த விட்டதற்காக 2016-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அதன் அறங்காவலர்களை, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர்களை, கடுமையாகச் சாடியது. அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் பெயர் மீண்டது நியாயமே. ஆனால் ஒரு நாள் வந்து பார்த்தபோது கதவு பூட்டியிருந்த பிள்ளைகளுக்கு அதனால் எதுவும் திரும்பிவிடவில்லை.

பணத்தை விட நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. தங்குமிடத்தில் யாரை வெளியே அனுப்புகிறார்கள் என்பது. குழுக் கூட்டங்களில் இது பேச்சுக்கே வருவதில்லை. சம்பவப் பதிவேட்டில் இப்படி ஒரு பதிவு இருக்கும்: ‘இரவு 11.40. சாப்பாட்டு அறையில் கூச்சல். எச்சரித்தும் கேட்கவில்லை. வெளியே அனுப்பப்பட்டார். 30 நாள் தடை.’ அவ்வளவுதான். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் மற்ற நாற்பது பேரின் பாதுகாப்பும் அவர் கையில் இருந்தது. ஆனால் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. முடிவெடுக்கும் முன் மேலே யாரையாவது கூப்பிட்டாரா? வெளியே அனுப்பப்பட்டவர் அந்த இரவு எங்கே போனார்? மேல்முறையீடு செய்யலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டதா, அதை விசாரிப்பது தடை விதித்த அதே ஆளா? 30 நாள் கழித்து யாராவது தேடிப் போனார்களா? தடை பெறுகிறவர்களில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களே மீண்டும் மீண்டும் வருகிறார்களா?

நீங்கள் இரவு வேலை பார்த்தவர். அந்தப் பதிவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடைகளின் எண்ணிக்கை, காரணம், நாள் கணக்கு, மேல்முறையீட்டின் முடிவு ஆகியவற்றைக் குழுவுக்குத் தரும்படி கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், தங்குகிறவரின் பெயர் குழுவுக்குத் தேவையே இல்லை. தங்குமிடத்தில் நேரும் ஒவ்வொரு இறப்பும், ஊழியர் மீது வரும் ஒவ்வொரு புகாரும் மட்டும் உங்களுக்கு உடனே சொல்லப்பட வேண்டும் என்று எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்தது எதை அளப்பது என்ற விஷயம். எத்தனை படுக்கை நிரம்பியது என்ற எண் மட்டும் குழுவுக்கு வந்தால், படுக்கை நிரம்புவதே வெற்றி போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். எத்தனை பேர் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு வீட்டுக்குப் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள். ‘முதலில் வீடு’ என்ற அணுகுமுறையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. குடியை விடு, மருந்து சாப்பிடு என்றெல்லாம் நிபந்தனை போடாமல் முதலில் நிரந்தர வீடு, அப்புறம் மற்ற உதவி. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள்; வீட்டில் நிலைத்திருப்பதில் இந்த முறை வழக்கமான சேவைகளை விடத் தெளிவாக முன்னால் நின்றது. பின்லாந்து 2008-இல் இதை நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. அதன் தலைநகர் ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய ஒரு பெரிய விடுதி, சுமார் 250 படுக்கைகளை எடுத்துவிட்டு 80 சொச்சம் தனி வீடுகளாக மாற்றப்பட்டது. படுக்கை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற குழு இப்படி ஒரு முடிவை ஒருநாளும் எடுத்திருக்காது.

சரி, இயக்குநர். அமைப்பைத் தொடங்கியவர் என்றால் அவருடைய உழைப்பில்தான் அந்தக் கட்டிடமே நிற்கிறது. அந்த மரியாதையைக் குறைக்க வேண்டாம். ஆனால் அவரை மதிப்பிடுகிற ஆள் யாரும் இல்லை என்பது அவருக்கே பெரிய பாரம். மாதம் ஒருமுறை நீங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். “எந்த விஷயம் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?” என்று கேட்டால் நிறைய தெரியவரும். கெட்ட செய்தி கூட்டத்துக்கு முன்பே உங்கள் காதுக்கு வர வேண்டும் என்று நட்போடு சொல்லிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எழுத்து மூலமான மதிப்பீடு வேண்டும். குழுவே செய்ய வேண்டும், சம்பளமும் அப்போதே பேசப்பட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஊழியர் யாரும் இல்லாமல் குழு மட்டும் பத்து நிமிடம் பேசும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். பிரச்சினை வரும்போது மட்டும் அவரை வெளியே போகச் சொன்னால் அது அவமானமாகத் தெரியும். எல்லாக் கூட்டத்திலும் நடந்தால் வழக்கமாகிவிடும். நாளைக்கே அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் யார் கையெழுத்துப் போடுவார், சாவி யாரிடம், நிதி தருகிறவர்களோடு யார் பேசுவார் என்று அவரோடு சேர்ந்தே எழுதி வையுங்கள்.

கூட்டம் நடத்துவது இதையெல்லாம் விடச் சுலபம். தாள்கள் ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் போய்விட வேண்டும். அஜெண்டாவில் முடிவெடுக்க வேண்டியவை மேலே, தகவல்கள் கீழே. போர்வைப் பேச்சு வந்தால், “இது பட்ஜெட்டுக்குள் இருக்கிறதா? அப்படியானால் இயக்குநர் முடிவு செய்துகொள்வார்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நகருங்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டியதெல்லாம் தீர்மானம் ஆகாது. கூட்டக் குறிப்பில் ஏறினால்தான் தீர்மானம். உறுப்பினர் ஒருவரின் கட்டிடத்தை அமைப்பு வாடகைக்கு எடுக்கிறது என்பது போல ஏதாவது வந்தால், அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்தப் பேச்சின்போது அறையை விட்டுப் போய்விட வேண்டும். அது தப்பான எண்ணத்தால் வந்த விதியென்று யாரும் கோபித்துக்கொள்ளாதபடி, விதியை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் பொதுவாக நிறைவேற்றிவிடுங்கள்.

உங்கள் குழுவில் வீடில்லாமல் வாழ்ந்து பார்த்தவர் யாராவது இருக்கிறாரா? கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வீடற்றோருக்கான மத்திய அரசு நிதியை வாங்கும் அமைப்புகளின் குழுவில், அல்லது அதற்கு இணையாகக் கொள்கை முடிவெடுக்கும் அமைப்பில், வீடற்றவரோ முன்பு அப்படி இருந்தவரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. விதி இல்லாவிட்டாலும் செய்யுங்கள். முடிந்தால் இரண்டு பேரைச் சேருங்கள். ஒருவர் மட்டும் வந்தால் எல்லோருக்கும் பிரதிநிதியாகப் பேச வேண்டிய சுமை அவர்மேல் விழும். போக்குவரத்துச் செலவை அவர் கேட்காமலே கொடுங்கள். தாள்களை எளிய மொழியில் எழுதச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் அது புரியும். அவருடைய கதையைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. பட்ஜெட்டைப் பற்றியும் அவர் கருத்தைக் கேட்க வேண்டும்.

கடைசியாக உங்கள் இரவு வேலை. முழுக்க விட்டுவிட வேண்டாம், ஆனால் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு இரவு என்பது மாதம் ஒன்றாகட்டும். அங்கே போகும்போது நீங்கள் ஒரு தன்னார்வலர். அன்றைய பொறுப்பாளர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஊழியர்கள் உங்களிடம் வந்து குறை சொல்வார்கள், அது நிச்சயம். பொறுமையாகக் கேளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள், எந்த வழியில் புகார் தர வேண்டும் என்று காட்டுங்கள். அந்த வழி அவர்களுக்கே தெரியவில்லை என்றால், அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் அதைச் சேருங்கள்.

தலைவர் பதவிக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்று காலவரையறை பைலாவில் இல்லையென்றால், சம்மதம் சொல்லும் கடிதத்திலேயே நீங்கள் எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று எழுதிவிடுங்கள். முதல் ஆண்டே ஒரு துணைத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, இயக்குநரோடு நடக்கும் மாதாந்திரப் பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.