மலிவு ப்ரீபெய்டு சிம்: எதை நம்பி எடுப்பது? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிய பதில் ஒன்றில், போனுக்குக் கட்டும் பணத்தையும் ஒருமுறை பாருங்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதன்பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவைதான். எழுதியவர்கள் வேறு வேறு நாடுகளில் இருப்பதால் விலை எதையும் சொல்லப்போவதில்லை. எங்கே இருந்தாலும் உதவுகிற விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாதி விலைக்கு ஒரு புதுக் கம்பெனி ப்ரீபெய்டு சிம் தருகிறது. ஆனால் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு டவர்கூட இல்லை என்கிறார் நண்பர். டவரே இல்லாதவர்களை நம்பி நம்பரைக் கொடுக்கலாமா?

நண்பர் சொன்னது சரிதான், ஆனால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகளின் டவர்களை மொத்த விலைக்கு வாடகைக்கு எடுத்து, தங்கள் பெயரில் சிம் விற்பவர்கள் இவர்கள். இந்தத் தொழிலில் எம்.வி.என்.ஓ. என்பார்கள். 1999-இல் பிரிட்டனில் வர்ஜின் மொபைல் இப்படித்தான் ஒன்-டு-ஒன் என்ற கம்பெனியின் டவர்களை வைத்துத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் மலிவு சிம் என்று கிடைப்பதில் நிறைய இந்த வகைதான். சில இடங்களில் பெரிய கம்பெனியே வேறு பெயரில் ஒரு மலிவு சிம்மை நடத்துவதும் உண்டு. அதனால் சிம்மின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைவிட, அது யாருடைய டவரில் ஓடுகிறது என்பதுதான் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கம்பெனியின் தளத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் கஸ்டமர் கேரில் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அந்தக் கம்பெனியை விட்டுவிடலாம்.

அது நீங்கள் இப்போது பயன்படுத்தும் அதே டவர் என்றால் சிக்னல் அநேகமாக இப்போது இருப்பது போலத்தான் இருக்கும். வேறு டவர் என்றால், கவரேஜ் மேப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனிகள் போடும் மேப் பெரும்பாலும் வெட்டவெளிக் கணக்கு, உங்கள் வீட்டுச் சுவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2600, 3500 போன்ற உயர்ந்த அலைவரிசைகளில் வேகம் அதிகம், ஆனால் சுவருக்கு முன்னால் சீக்கிரம் சோர்ந்துவிடும். மேப்பில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு கம்பெனிகள் படுக்கையறையில் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, எப்படித்தான் தெரிந்துகொள்வது? பழைய சிம்மை அப்படியே வைத்துக்கொண்டு, போனின் இரண்டாவது இடத்தில் புது சிம்மைப் போட்டு, இருப்பதிலேயே சின்ன பேக் ஒன்றை வாங்கி ஓட்டிப் பாருங்கள். சமையலறை, லிஃப்ட், வேலை செய்யும் இடம், தினமும் போகும் பாதை, எல்லாவற்றிலும் ஒரு கால் பேசிப் பாருங்கள். ஒரு பேக் முடிவதற்குள் எந்த விமர்சனமும் சொல்லாத விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மலிவு சிம்முக்கு மாறினேன். சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கின்றன, ஆனால் சாயங்காலம் ஆனால் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. போன் கெட்டுவிட்டதா?

போனில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தக் கோடுகள் டவர் உங்களுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். அதே டவரில் இன்னும் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டாது.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு ஏற்பாடு இருக்கிறது. 4ஜியில் ஒவ்வொரு டேட்டா இணைப்புக்கும் கியூ.சி.ஐ. என்று ஒரு எண் உண்டு, யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை டவர் அதை வைத்துத் தீர்மானிக்கிறது. 5ஜியிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. டவர் வைத்திருக்கும் கம்பெனி தன்னுடைய அதிக விலை வாடிக்கையாளர்களை முன்னாலும், வாடகைக்கு எடுத்த மலிவு சிம்காரர்களைப் பின்னாலும் வைக்க முடியும், பல இடங்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். டவரில் கூட்டம் இல்லாதபோது இரண்டு பேருக்கும் ஒரே வேகம்தான், வித்தியாசமே தெரியாது. எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்க உட்காரும் நேரத்தில்தான் பின்வரிசை என்றால் என்ன என்று புரியும்.

உங்கள் பிரச்சினை இதுதானா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அதிகாலையில் ஒருமுறை வேகத்தைச் சோதித்துப் பாருங்கள், அதே இடத்தில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மறுபடி பாருங்கள். காலையில் பறந்து இரவில் படுத்தால் அது கூட்டம். எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால், உங்கள் டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அல்லது போன் செட்டிங்கில், போனைக் கம்பெனியின் நெட்டோடு இணைக்கும் ஏ.பி.என். என்ற பதிவு தவறாக இருக்கலாம். வாடகை டவர் சிம்களில் இந்த ஏ.பி.என். தானாகச் சரியாக அமையாமல் போவது சகஜம், கம்பெனி தளத்தில் இருக்கும் எழுத்துகளை அப்படியே போட்டால் போதும்.

கூட்டம்தான் காரணம் என்று தெரிந்தால் இரண்டு வழி. வீட்டில் வைஃபை இருந்து, மாலையில் வெளியே அதிகம் இருக்கமாட்டீர்கள் என்றால் இந்தச் சிம்மிலேயே இருங்கள், மிச்சமாகும் பணம் உங்களுடையது. போன் டேட்டாதான் உங்கள் ஒரே இணைய இணைப்பு என்றால் வேறு டவரில் ஓடும் இன்னொரு மலிவு சிம்மைச் சோதித்துப் பாருங்கள், முன்னுரிமை டேட்டா என்று தெளிவாக எழுதித் தரும் பேக்கும் சில நாடுகளில் கிடைக்கிறது.

அன்லிமிடெட் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் மாதக் கடைசியில் எதுவும் திறப்பதில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா?

எனக்கும் அந்தச் சொல்லின் மேல் கோபம் உண்டு. பொடி எழுத்தில் விதியைப் போட்டுவிட்டுப் பெரிய எழுத்தில் வேறு ஒன்றைச் சொல்வதை எந்த ஊரிலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பேக் வாங்கும் முன் பொடி எழுத்தில் ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள்: அதிவேக டேட்டா தீர்ந்த பிறகு எவ்வளவு வேகம்? 128 கே.பி.பி.எஸ். என்று இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு எம்.பி. இறங்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். 64 என்றால் இரண்டு நிமிடம். எழுத்துச் செய்தி போகும், 3 எம்.பி. போட்டோ மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்கும், பணம் அனுப்பும் ஆப் பாதியில் நின்று ‘மீண்டும் முயலவும்’ என்று சொல்லும். நடுத்தெருவில் நிற்கும்போது இப்படி ஆனால் எவ்வளவு கஷ்டம்!

அதோடு வீடியோவை 480பி தரத்துக்குள் பூட்டிவைப்பது, ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைப்பது இரண்டும் உண்டு. லேப்டாப்பை போன் நெட்டில் ஓட்டுகிறவர்கள் ஹாட்ஸ்பாட் விதியைப் படிக்காமல் பணம் கட்டவே கூடாது.

உண்மையில் உங்களுக்கு எவ்வளவு டேட்டா வேண்டும் என்பது போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டேட்டா பயன்பாடு என்ற இடத்தில் மாதவாரியாகப் பார்க்கலாம். ஐபோனில் அது தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது, நீங்கள் ரீசெட் செய்த நாளிலிருந்து கூட்டிக்கொண்டே போகும், அதனால் பேக் தொடங்கும் நாளில் ரீசெட் செய்துவிட்டுப் பாருங்கள். ஹெச்.டி. வீடியோ மணிக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும். அதை வைஃபையில் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பலருக்குச் சின்ன பேக்கே தாராளம்.

28 நாள் பேக், 30 நாள் பேக், வருடத்துக்கு ஒரே தடவை கட்டுவது: எது லாபம்?

28 நாள் பேக்கை மாதப் பேக் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். வருடத்துக்கு 365 நாள், 28-ஆல் வகுத்தால் 13 தடவை கட்ட வேண்டும், பன்னிரண்டு இல்லை. ஒப்பிடும்போது விலையை நாளால் வகுத்து 365-ஆல் பெருக்கி, வரியும் தனிக் கட்டணமும் சேர்த்துப் பாருங்கள், அப்போதுதான் இரண்டு பேக் ஒரே தராசில் நிற்கும்.

வருடப் பேக் கணக்கில் பெரும்பாலும் மலிவாகத்தான் தெரியும். இருந்தாலும் புதுக் கம்பெனியில் முதல் நாளே அதை எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ப்ரீபெய்டில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலமே பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கிளம்பிவிடலாம் என்பதுதான். கம்பெனிக்கும் அது தெரியும். ஒரு வருடப் பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டால் அந்தப் பலத்தை நீங்களே தள்ளுபடிக்கு விற்றுவிடுகிறீர்கள். மூன்று நான்கு ரீசார்ஜ் ஓட்டி, வீடும் வேலையிடமும் சிக்னலில் தேறிய பிறகு வருடப் பேக் எடுங்கள், அப்போது அது நல்ல முடிவு.

அம்மா தனியாக இருக்கிறார், பழைய போன். கால் பேசுவதற்கு மட்டும்தான். இருப்பதிலேயே மலிவான சிம் போதுமா?

இந்தக் கடிதத்துக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் இங்கே விலை கடைசியில்தான் வருகிறது.

முதலில் போனைப் பாருங்கள். பல நாடுகளில் 3ஜி நின்றுவிட்டது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் 2022-இல் நிறுத்தின, சிங்கப்பூரில் 2024-இல் முடிந்தது, ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில். 3ஜி போய், 2ஜியும் இல்லாத இடத்தில் குரல் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு வோல்ட்டி வசதி வேண்டும். போனில் 4ஜி என்று காட்டுவதை மட்டும் நம்ப முடியாது, நெட்டுக்கு 4ஜியையும் பேசுவதற்கு 3ஜியையும் பிடிக்கிற போன்கள் நிறைய இருக்கின்றன. இன்னும் மோசம், சாதாரணக் கால் 4ஜியில் போய், அவசர உதவிக் கால் மட்டும் 3ஜியைத் தேடுகிற மாடல்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட போன்களை நெட்வொர்க்கிலேயே சேர்க்காமல் தடுத்தார்கள்.

அம்மாவின் போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதைக் கம்பெனி தளத்தில் கொடுத்து, அவர்கள் நெட்வொர்க்கில் வோல்ட்டி ஓடுமா, அவசரக் கால் போகுமா என்று கேளுங்கள். அப்புறம் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசும்போது மேலே உள்ள குறியைக் கவனியுங்கள், பேசும்போது 4ஜி குறி இறங்கி 3ஜி அல்லது 2ஜி என்று மாறினால் வோல்ட்டி வேலை செய்யவில்லை. பட்டன் போனிலேயே வோல்ட்டி உள்ளவை கிடைக்கின்றன, அம்மா புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை.

அடுத்தது, சிம்மில் ஏதாவது ஆனால் அம்மா யாரிடம் கேட்பார்? மலிவு கம்பெனிகள் சிலவற்றில் ஆப் வழியாக எழுதிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு அது பரவாயில்லை, அவருக்குப் பூட்டிய கதவு மாதிரி. அவர் வீட்டுக்குள் எந்த டவர் நன்றாக எடுக்கிறதோ, எந்தக் கம்பெனியில் போனை எடுத்து மனிதர் பேசுகிறாரோ, அதை எடுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. ரீசார்ஜை உங்கள் பெயரில் தானாகக் கட்டும்படி வைத்துவிடுங்கள், வேலிடிட்டி முடிந்தது தெரியாமல் அவர் கால் வரவில்லையே என்று காத்திருக்கக் கூடாது.

டெலிவரி வேலை பார்க்கிறேன். நம்பர் ஒரு நாள் போனாலும் சம்பளம் போய்விடும். கம்பெனி மாறும்போது நம்பரைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி?

பழைய கனெக்‌ஷனை நீங்களாக ரத்து செய்யவே செய்யாதீர்கள், இதுதான் முதல் விதி. நம்பர் உயிரோடு இருந்தால்தான் போர்ட் ஆகும், அதாவது அதே நம்பர் புதுக் கம்பெனிக்கு மாறும், போர்ட் முடிந்ததும் பழையது தானாக நின்றுவிடும். வேலிடிட்டி முடிய இரண்டு நாள் இருக்கும்போது தொடங்காமல், ஒரு வாரமாவது மீதம் இருக்கும்போது தொடங்குங்கள். மாற்றுவதற்கு ஒரு குறியீடு கேட்பார்கள், இந்தியாவில் அதற்கு யு.பி.சி. என்று பெயர், பிரிட்டனில் பி.ஏ.சி., அமெரிக்காவில் கணக்கு எண்ணும் பின் (PIN) எண்ணும். அந்தக் குறியீட்டை யார் போன் செய்து கேட்டாலும் சொல்லாதீர்கள், அது கையில் கிடைத்தால் உங்கள் நம்பரையே தூக்கிக்கொண்டு போகலாம்.

தவணையில் வாங்கிய போன் என்றால் பழைய கம்பெனிக்கு லாக் ஆகியிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பேலன்ஸ் பெரும்பாலும் கூட வராது. மாறும் நாளில் சில மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராமல் போகலாம், அதனால் விடுமுறை நாளில் செய்யுங்கள், ஓ.டி.பி. தேவைப்படும் வேலையை அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சிம்முக்குப் போகப்போகிறீர்களோ அதை வேறு நம்பரில் முன்பே ஓட்டிப் பார்த்துவிடுங்கள், உங்கள் வேலைக்கு இது கட்டாயம்.

இ-சிம் எடுக்கலாமா?

தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம் இது. சோதித்துப் பார்க்க அதைவிட வசதி இல்லை, சில நிமிடங்களில் போட்டுக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். ஆனால் போன் கீழே விழுந்து உடைந்தால் கழற்றி வேறு போனில் போட முடியாது, கம்பெனியிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். மேலே எழுதிய டெலிவரி நண்பருக்கு நான் கையில் எடுக்கக்கூடிய சிம்மைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டில் இருக்கிறேன். பழைய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் சும்மா போட்டு வைத்திருக்கிறேன், பேங்க் ஓ.டி.பி.க்கு மட்டும். இருக்கும்தானே?

இருக்காது. பயன்படுத்தாத ப்ரீபெய்டு நம்பரைக் கம்பெனி நிறுத்திவிடும், கொஞ்ச காலம் கழித்து அதே நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடும், அதன்பிறகு உங்கள் பேங்க் செய்தி அவர் கைக்குப் போகும். நம்பரை உயிரோடு வைக்க எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தக் குறைந்த ரீசார்ஜ் போதும் என்று கம்பெனியிடம் கேட்டு, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால் முதலில் பேங்க், மின்னஞ்சல், அரசு அடையாளக் கணக்கு எல்லாவற்றிலும் புது நம்பரைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பழையதை விடுங்கள்.