கீமோ எடுக்கும் மனைவி சாப்பிட மறுக்கிறார், பேசினாலே எரிந்து விழுகிறார். கணவனாக நான் என்ன செய்வது?

நான் மருத்துவன் அல்ல. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்தபோது கூடவே இருந்தவன், அவ்வளவுதான்.

முதல் வேலையாக ஒரு தினசரி காலண்டரை எடுத்து, மருந்து ஏறிய நாளிலிருந்து எண் போடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு சைக்கிள் (ஒரு சுற்று மருந்து) என்றால் ஏறக்குறைய ஒரே வரிசைதான் திரும்பத் திரும்ப வரும். முதல் சில நாள் குமட்டல். வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அதில் தூக்கம் கெடும், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதை நிறுத்தியதும் ஆள் அப்படியே துவண்டு போவார். உங்கள் மனைவி எரிந்து விழுவது எந்த நாட்களில் என்று குறித்துப் பாருங்கள். பாதிக் கோபம் மாத்திரையுடையது என்று தெரிந்தால் பதிலுக்கு நமக்கு வாய் நீளாது. தூக்கமே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையைக் காலையிலேயே போடச் சொல்லக்கூடும்.

சாப்பாட்டில் பெரிய எதிரி வாசனை. எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அதனால் தாளிப்பை அடியோடு நிறுத்தினேன். சூடான சாப்பாட்டில்தான் வாசனை தூக்கலாக வரும். அப்போதே செய்து ஆறவைத்த இட்லி, கஞ்சி, குழைந்த ரசஞ்சாதம் உள்ளே போனது. வாயில் இரும்புக் கசப்பு அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். "ரெண்டு வாய் சாப்பிடேன்" என்று எதிரில் நிற்பதுதான் பலநேரம் சண்டைக்கு ஆரம்பம். ஆசையாக இருக்கிறதே என்று அவருக்கு உயிரான வத்தக்குழம்பை அந்த நாட்களில் வைக்காதீர்கள். குமட்டலோடு சேர்ந்த ருசி பிறகு எப்போதுமே பிடிக்காமல் போகலாம்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடக்கூடாது. எழுதிக்கொடுத்த நேரத்துக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும் கொடுக்கவேண்டும். ஒண்டான்செட்ரான் என்றால் மலச்சிக்கல் வரும், அதற்கும் முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின்) ஏறினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும், ரத்தம் என்று பதறவேண்டாம்.

பதறவேண்டியது காய்ச்சலுக்கு. பெரும்பாலான மருந்துகளில் 7-லிருந்து 14-ஆம் நாள் வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்கவே கூடாது. காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். எமர்ஜென்சியில் முதல் வார்த்தையாக "கீமோ பேஷண்ட்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும்.

வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் அந்த வாரத்தில்தான் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள். இருமிக்கொண்டே நலம் விசாரிப்பவரும் அதில் இருப்பார். வாசலோடு அனுப்புங்கள், பழி உங்கள் தலையில் விழட்டும். மூன்றாவது வாரம் அவரே நான்கு பேரைப் பார்க்க ஆசைப்படுவார், அப்போது வரச்சொல்லுங்கள். கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏற பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். மருந்தோடு எது மோதும் என்று சொன்னவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்களாக இருந்தால் மருத்துவமனையில் சலுகைப் படிவம் கேளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகும் உங்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு.